சன்னல் வழியே போட்ட பை

ஒரு பை ஏறிவிட்டால் ஆளே ஏறியதாக ஆகிவிடுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள். இடம், கடலூர் பேருந்து நிலையம். ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சல், காது வலி. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டக் கிளம்பினேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்ட ஆறு வயது மகளும் கூட வந்தாள். லேசாக அசைத்தாலே மகன் அழுதான். உட்கார இடம் கிடைக்காவிட்டால் இவனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி நிற்பது என்பதே என் கவலை.

எங்கள் ஊரில் பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, சாப்பாட்டுப் பை எல்லாம் பறக்கும். எது எந்த சீட்டில் விழுகிறதோ, அது போட்டவருக்குச் சொந்தம். 'இதெல்லாம் ஒரு நியாயமா?' என்று கணவரிடம் எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று பக்கத்தில் நின்ற ஒருவர், "கொழந்தை பையைக் குடும்மா, எடம் போட்டு வைக்கிறேன்" என்று கை நீட்டினார். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டார்.

கூட்டம் ஏறிய பிறகு நாங்கள் உள்ளே போனால், அந்த சீட்டில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எங்கள் பை அவர் மடியில் இருந்தது. "நாங்க எடம் போட்டிருந்தோம்" என்றேன். அவ்வளவு உரிமையோடு என் குரல் வந்தது எனக்கே வியப்பு. என் பை விழுந்ததும் அந்த வழக்கம் எனக்கு நியாயமாகிவிட்டது.

"பை ஏறுச்சு, சரி. நீ ஏறலியே. நான்தான மொதல்ல ஏறுனேன்" என்றார் அவர்.

அவ்வளவுதான், பேருந்தில் பாதிப்பேர் நீதிபதி ஆனார்கள். "பை போட்டா போட்டதுதான், எடத்த வுடுங்க" என்றார் ஒருவர். அவருடைய கூட்டாளி, "நீ பேசுவ மச்சான். போன வாரம் செருப்பக் கழட்டிப் போட்டு எடம் புடிச்ச ஆளு" என்றதும் சிரிப்பு. "கைக்கொழந்தக்காரி நிக்கிறா, இதுல பேச்சு இன்னா?" என்று ஓர் அம்மாள். கண்டக்டர் மட்டும், "தீர்ப்பு சொல்றவங்கல்லாம் மொதல்ல டிக்கெட் வாங்கிக்குங்க" என்று விசில் கொடுத்தார்.

ஒவ்வொருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அந்தப் பெண் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரிடம் எல்லோரும் சொன்னார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. என் மகளோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நான் பேச்சை மாற்றினேன். "எங்கக்கா போறீங்க?"

"கிள்ளைக்கு." பிறகு தானாகவே சொன்னார். "போற வழில செம்மங்குப்பம் கம்பெனில நைட் ஷிப்ட்டு முடிச்சுட்டு வரேன். அங்கயே ரோட்டுல ஏறுனா நின்னுட்டேதான் போவணும். உக்காரணும்னுதான் திரும்பி கடலூர் வரைக்கும் வந்து ஏறுறேன். காலு ஜாஸ்தியா வீங்கிப்போச்சு."

அவர் செருப்பு வார் பாதத்தில் அழுந்தித் தடமாகியிருந்தது. "நீங்களே உக்காருங்கக்கா" என்றேன். மனதாரச் சொன்னேனா, வேறு வழியில்லாமல் சொன்னேனா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் கையை நீட்டினார். "கொழந்தையக் குடு."

சண்டை போட்டவரிடம், காய்ச்சல்காரப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது? தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். வலிக்கிற காதை அவர் தோளில் அழுத்திக்கொண்டு மகன் தூங்கிப்போனான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் எழுந்தார். "காலு இப்ப தேவல. நீ உக்காரும்மா." வேண்டாம் என்றேன். என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, மகனை எழுப்பாமல் என் மடிக்கு மாற்றினார். பேருந்தே சேர்ந்து சொன்னபோது எழாதவர், யாரும் சொல்லாதபோது எழுந்தார்.

மகன் காதில் சீழ் என்றார் டாக்டர். மருந்தில் சரியாகிவிட்டது.

மாலையில் சிதம்பரத்தில் ஏறியபோது பேருந்து காலியாக இருந்தது. மூன்று பேர் சீட்டில் நானும் மகளும் உட்கார, மீதியிருந்த இடத்தில் மகள் தன் கைக்குட்டையை விரித்தாள். முட்லூரில் கூட்டம் ஏறியது. நின்றிருந்த ஒருவர், "யாரு பாப்பா வர்றாங்க?" என்று கேட்டார்.

"கால் வலிக்கிறவங்க யாராவது வருவாங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். அவருக்குக் கால் வலிக்கிறதா என்று மகளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கைக்குட்டையை எடுக்கச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நல்லதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், ஆனால் அதிலும் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறதே.

நியாயம் பேசுவதற்கு முன்னால் எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். எரிச்சலோடு தொடங்கும் எந்தப் பேச்சும் அப்படியே முடிய வேண்டியதில்லை என்ற தைரியத்தை அந்தப் பயணம் இன்னும் எனக்குத் தருகிறது. மகளுக்கு மட்டும் என்ன சொல்வதென்று புரியவில்லை. பிள்ளை வளர்த்து அனுபவப்பட்ட வாசகர்களே, நீங்களாக இருந்தால் அந்தக் கைக்குட்டையை எடுக்கச் சொல்லியிருப்பீர்களா, விட்டிருப்பீர்களா? எழுதுங்களேன்.