உப்புக் கிரவுண்டுக்கு மதில் வந்த வருஷம்

எங்கள் மைதானத்தில் தடுக்கி விழுந்தால் வலிப்பதற்கு முன்னால் எரியும். முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் மண் பட்டதும் சுருக்கென்று ஏறும் அந்த எரிச்சலில் கண்ணில் நீர் முட்டிக்கொள்ளும். வாய்க்குள் போன புழுதியைத் துப்பினால் நாக்கு கரிக்கும். அந்த மண்ணில் உண்மையாகவே உப்பு இருந்தது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றை ஒட்டி இருக்கும் எங்கள் ஊரில், தோல் பதனிடும் டேனரிக்கு வந்து இறங்கும் பச்சைத் தோல்களை உதறி, அவற்றின் மேல் படிந்த உப்பைத் தட்டிக் கொட்டிய பொட்டல் அது. டேனரிகள் ஊருக்கு வெளியே நகர்ந்த பிறகும் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தரை முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். "உப்புக் கிரவுண்டு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் விளையாடும் இடமாக அது தானாகவே ஆகிப்போனது.

என் அம்மா பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஊருக்கு அவர் "டிரில் டீச்சர்". பள்ளியில் ஓடுவதற்கு இடம் இல்லாததால் விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்களை உப்புக் கிரவுண்டுக்கு அழைத்துப் போவார். முடிச்சுப் போட்ட கயிற்றால் நானூறு மீட்டர் அளந்து, சுண்ணாம்புத் தூளால் வட்டமாகக் கோடு போட்டு ஓடவிடுவார். சுண்ணாம்பு கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த காதர் பாய். டேனரியில் சுண்ணாம்பில் தோல் ஊறப்போடும் தொட்டிகளில் வேலை செய்த அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும். சாயங்காலங்களில் அதே மைதானத்தில் தெருப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கால்பந்து ஆடுவார். அவருடைய மகள் ஷமீம் என் வகுப்பு. எங்கள் கூட்டத்தில் அவள்தான் எப்போதும் முதலில் வருவாள். நான் மூன்றாவதோ நான்காவதோ வருவேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு மறுபடி விசிலை ஊதுவார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு பெரிய குறை இருந்தது. எட்டாம் வகுப்பு தாண்டியதும் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். மைதானத்துக்கு நான்கு பக்கமும் ரோடு, மூன்று டீக்கடை. "இவ்ளோ பேர் பாக்க ஓடணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். காதர் பாயும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சரம்மா, ஷமீம் பெரியவளாயிட்டா. இந்த வருஷத்தோட போதும்னு பாக்கறேன்" என்றார். அன்றைக்கு அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அதனால்தான், ஒரு கோடைகாலத்தில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, இங்கே ஸ்டேடியம் வரப்போகிறது, சுற்றிலும் மதில், உடை மாற்ற அறை, காலை நேரம் முழுக்கப் பெண்களுக்கு என்று சொன்னபோது, அம்மா அதை அப்படியே நம்பினார். ஊரில் வேறு யாருமே நம்பவில்லை. மண் அள்ளும் வண்டி வந்து நின்ற காலையில் சுற்றியிருந்த நான்கு தெரு ஆண்களும் மைதானத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா பள்ளிக்குப் போகாமல் நேராக அங்கே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"செவுரு எதுக்கு டீச்சரம்மா? பந்து ஊரை விட்டு ஓடிப்போயிடும்னா?" என்று காதர் பாய் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"பொண்ணுங்களுக்கு பாய். உங்க ஷமீம் ஓடறதுக்கு."

அவர் சிரிப்பு நின்றது. "சரி, செவுரு வெச்சா கதவு வைப்பாங்க. கதவு வெச்சா பூட்டு வைப்பாங்க. சாவி யார் கையில இருக்கும்?" என்றார்.

சாவியைப் பற்றி அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும், "நான் இருக்கேன் பாய். என்னைக் கேளுங்க" என்றார்.

காதர் பாய் லுங்கியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உங்க பேச்சுக்குத்தான் எழுந்திருக்கறோம். ஞாபகம் வெச்சுக்கோங்க." மற்றவர்களும் எழுந்தார்கள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அப்பா ராத்திரி ரயிலில் வந்து இறங்கி, விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "நீ எதுக்கு நடுவுல போய் நின்ன? நாளைக்கு அந்த ஆபீசர் கதவைச் சாத்திக்கிட்டா ஜனங்க அவனையா வந்து கேப்பாங்க?" என்றார்.

மதில் எழும்பியது. படிக்கட்டு மாதிரி ஒரு பக்கம் சிமெண்டு கேலரி வந்தது. பின்பக்கத்தை மறைத்துப் பந்தல் போட்டு, மைக்செட் கட்டித் திறப்பு விழா நடந்தது. நாங்கள் வெள்ளைச் சீருடையில் கைக்குட்டை வீசி டிரில் செய்து காட்டினோம். மறுநாள் காலை ஓடப் போனால் இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. உள்ளேயிருந்து வாட்ச்மேன், "மேட்ச் இருந்தாத்தான் தொறக்கணும். எனக்கு ஆர்டர் இல்ல" என்றார். மேட்ச் எதுவும் வரவில்லை. அம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். வாக்குக் கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் மறக்கவில்லை. தெருக்குழாயில் அம்மா குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். அவர் நகர்ந்ததும் மறுபடி தொடங்கும். "டீச்சரம்மாவுக்கு இதுல இன்னா கெடைச்சுதோ?" என்று ரேஷன் வரிசையில் ஒரு பெண் என் காதுபடவே சொன்னார். அப்பா அந்த மாதம் வாங்கி வந்த பழைய மின்விசிறியைக்கூட எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஷமீம் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். "அத்தா வேணாம்னுட்டாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பூட்டிய கதவுக்குள்ளே என்னதான் செய்கிறார்கள்? எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் கேலரியின் முதுகுதான் தெரியும். நல்ல வெயில் நேரத்தில், தகரம் அடித்து மறைத்திருந்த பின்பக்கம் லாரி வந்து போகும் சத்தமும், கடப்பாரை இடிக்கும் சத்தமும் கேட்கும். விளையாடாத மைதானத்தில் என்ன வேலை? வாட்ச்மேன் சும்மா சிரித்தால்கூட ஏதோ மறைத்துச் சிரிப்பதாகத் தோன்றும். அம்மாவிடம் சொன்னால், "வேலை பாக்கி இருக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் முன்பிருந்த உறுதி இருக்காது.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மா பழையபடி எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவுக்கு எதிரில் ரோட்டிலேயே வரிசையாக நிறுத்தி விசில் ஊதினார். வந்திருந்தது ஆறே பேர். தார் ரோட்டில் கைகளை விரித்துக் குதித்தோம். தோல் ஏற்றி வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இதுவும் ஒரு டிராமா" என்று ஒருவர் சொன்னது கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா திரும்பியே பார்க்கவில்லை. மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும். காதர் பாய் கையில் டீயோடு நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், கிட்டே வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு லாரி நிற்காமல் எங்களை உரசிக்கொண்டு போனது. நான் ரோட்டோர மண்ணில் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது காதர் பாய் தன் சைக்கிளை ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. அம்மா ஏதோ சொல்ல வாய் எடுத்தார்.

"டீச்சரம்மா, உங்கள நம்பிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. பொண்ணுங்க மேல லாரி ஏறக் கூடாது, அவ்ளோதான்" என்றார் அவர்.

மறுநாள் இன்னும் நான்கு சைக்கிள்கள் வந்தன. பஸ் நின்றது, பள்ளி வண்டி நின்றது, ஊரே நின்றது. போலீஸ் வந்தது, கடைசியில் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். பெரிய கதவைத் திறக்கவில்லை. அதில் வெட்டியிருந்த சின்னக் கதவைத் திறந்து, காலையில் பெண்களும் சாயங்காலம் பையன்களும் போகலாம் என்றார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்தோம்.

உள்ளே புது மண் கொட்டிச் சமன் செய்து, புதிதாகக் கோடு போட்டு, "ஒரு சுற்று நானூறு மீட்டர்" என்று பலகை வைத்திருந்தார்கள். அன்று நான் ஓடியதைப் போல முன்பு எப்போதும் ஓடியதில்லை. முடிவுக் கோட்டில் நெஞ்சு வெடிக்க நின்று அம்மா கையிலிருந்த ஸ்டாப் வாட்சைப் பார்த்தேன். முன்பு ஷமீம் ஓடிய நேரத்தையே முந்தியிருந்தேன்! அம்மா கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவரோ வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார், ஒருமுறை குலுக்கினார். "மறுபடி ஓடு" என்றார். மறுபடியும் அதே வேகம். மற்ற பெண்களை ஓடவிட்டார். எல்லோருமே வேகமாக வந்தார்கள். அம்மாவின் முகம் மாறியது. "இத்தன மாசம் ஓடாம கெடந்த பசங்க எப்படி இவ்ளோ வேகமா வரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பழைய கயிற்றை எடுத்துவரச் சொன்னார். நானும் அவரும் குனிந்து குனிந்து ஒரு சுற்று அளந்தோம். சுற்று முடிந்த இடத்தில் நானூறு மீட்டருக்கு இன்னும் நிறைய முடிச்சுகள் பாக்கி இருந்தன. அம்மா நிமிர்ந்து பின்பக்க மதிலைப் பார்த்தார். ஒரு கோல் போஸ்ட் இருந்த இடமே காணவில்லை. கேலரியின் மேல்படியில் ஏறி எட்டிப் பார்த்தோம். முன்பு மைதானமாக இருந்த ஒரு பட்டை நிலம் இப்போது மதிலுக்கு வெளியே கிடந்தது. அதில் வரிசையாகக் கடைகளுக்கு அஸ்திவாரம் எழும்பியிருந்தது. வெயிலில் கேட்ட கடப்பாரைச் சத்தம் அதுதான். என் வாழ்நாளின் சிறந்த ஓட்டம் ஒரு திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் உதவியது. அந்த வயதில் எனக்கு நிலம் போனதைவிட அதுதான் பெரிய அழுகையாக இருந்தது.

அம்மா அழவில்லை. விசிலைக் கழற்றாமலேயே நேராகக் காதர் பாய் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். அதற்கு முன் அவர் அப்படித் தலை குனிந்து நின்று நான் பார்த்ததில்லை.

"பாய், நீங்க சந்தேகப்பட்டது சரிதான். பின்னாடி செவுரை உள்ள தள்ளிக் கட்டியிருக்காங்க. என் பேச்சைக் கேட்டுத்தான் எழுந்தீங்க. வேற யாரும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு வந்தேன்."

அவர் கோபப்படுவார் என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து ஷமீமின் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

"எவ்ளோ போச்சு?"

"ஒரு கோல் போஸ்ட்டும், அதுக்குப் பின்னாடி இருந்த எடமும்."

"மிச்சம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப அதையாவது பாத்துக்கலாம். டீ ஆறிப்போவுது, குடிங்க." பிறகு உள்பக்கம் திரும்பி, "ஷமீம், நாளைக்குக் காலையில டீச்சர் கூடப் போ" என்றார்.

இருவரும் சேர்ந்து மனு கொடுத்துப் பார்த்தார்கள். கடைகள் எழும்பத்தான் செய்தன. போன நிலம் போனதுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்ததும் அம்மா கயிற்றின் ஒரு முனையையும் காதர் பாய் மறு முனையையும் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அளப்பார்கள். வாட்ச்மேன் முதலில் கேலி செய்தார். பிறகு அவரும் முடிச்சு எண்ணினார். ஒருமுறை கிழக்குப் பக்கம் எல்லை குறிக்கும் முளைக்குச்சிகள் அடித்திருந்ததை ஷமீம்தான் முதலில் பார்த்தாள். மத்தியானத்துக்குள் நான்கு தெருவும் உள்ளே வந்து நின்றுவிட்டது. அடித்தவர்களே வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஷமீம் பள்ளிப் படிப்பு முடியும் வரை ஓடினாள், மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். இப்போது பேரணாம்பட்டில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள். அந்த அதிகாரி பொய் சொன்னாரா, அவரையும் யாராவது ஏமாற்றினார்களா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பேச்சு வந்தால், "ரெண்டுமே இருக்கலாம்" என்பார்.

அம்மா இல்லை, காதர் பாயும் இல்லை. மண் ஓடுதளம் போய்ச் செயற்கை ஓடுதளம் வந்துவிட்டது. விளக்குக் கம்பங்கள் வந்துவிட்டன. காலையில் கார்டு காட்டி நுழைந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பலர் நடக்கிறார்கள், நானும் நடக்கிறேன். தெருப் பையன்களின் கால்பந்து எப்போது நின்றுபோனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டீக்கடைகள் இல்லை. கேள்வி கேட்டு நடுவில் உட்காரும் மனிதர்களும் இல்லை.

போன வாரம் கேலரிக்குப் பக்கத்தில் தலைக்கவசம் போட்ட ஒரு இளைஞர் மூன்றுகால் கருவி வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். நடந்தவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் நின்றேன்.

"என்ன சார் வேலை?"

"டெவலப்மென்ட்தான் மேடம். நல்லதுக்குத்தான்."

"என்ன வருது? எதுவரைக்கும் வருது?"

அவர் கருவியிலிருந்து கண்ணை எடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தப் பேப்பர் மேடம்?"

"பேப்பர் இல்ல சார். பக்கத்துத் தெரு" என்றேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் யாரிடமோ தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். நான் நகரவில்லை.