மஞ்சள் இருபது பைசா

பித்தளைக் குழாயைத் துலக்கிய கையை இன்று முகர்ந்ததும் அப்பா மேல் பழைய கோபம் வந்துவிட்டது. சங்கரன்கோவிலில் பூக்கடை வைத்திருந்த அம்மா, சில்லறையில் வரும் தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவை மட்டும் செலவழிக்காமல், உருக்கி அக்கா கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வார்க்கலாம் என்று தூக்குவாளியில் வருஷக்கணக்காகச் சேர்த்தாள். நானும் அக்காவும் சாயங்காலங்களில் அந்தக் காசுகளைப் புளி போட்டுத் தேய்ப்போம்; கையெல்லாம் இதே வாடை அடிக்கும்.

ஒருநாள் அப்பா அத்தனையையும் தெருக்கோயில் மணி வார்க்கக் கொடுத்துவிட்டார்.

"மணியில எம் பேரு வெட்டுதாங்க," என்றார்.

"எம் பேரு?" என்றாள் அம்மா.

"பொம்பள பேரு எதுக்கு?"

மறுநாள் முதல் அம்மா அந்தக் கோயிலுக்கு மாலை கொடுக்கவில்லை. அப்பா அதட்டியபோது, "உங்க பேருக்கு நீங்களே கெட்டிப் போடுங்க," என்றாள்.