அழித்துவிட்டு வந்த நம்பர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்றும் பையன்கள். மூன்று பேரையும் ஆளாக்கினேன். எனக்குப் படிப்பு கையெழுத்துப் போடும் அளவுதான். நான் சொல்லச் சொல்ல மூத்தவன் மகள் எழுதுகிறாள்.

வீட்டுக்காரர் போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது என்னையும் முறை வைத்தார்கள். ஒரு மாதம் நல்லம்பள்ளியில் மூத்தவன் வீடு, ஒரு மாதம் ஏரியூரில் நடுவுளவன் வீடு. சின்னவனுக்கு முறை கிடையாது. என் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண் இருக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன், இந்த வாசலை மிதிக்காதே என்று ஊர் கேட்கச் சொன்னேன். அண்ணன்களும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டான். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் வருஷம் தவறாமல் மாட்டுப் பொங்கல் அன்று போன் செய்வான். என் நம்பரே அவன் வாங்கிக் கொடுத்ததுதான், கல்யாணத்துக்கு முன்னால், அவன் பேரில். சாப்பிட்டாயா என்பான். ம் என்பேன். உடம்பு எப்படி என்பான். அதற்கும் ம். போன வருஷம் உடனே வைக்கவில்லை.

"இது எந்நம்பருதாம்மா. யார்கிட்டயாச்சும் சொல்லி எழுதி வெச்சுக்க."

"எனக்கெதுக்கு? வேணும்னா நீ கூப்புடு."

அப்படித்தான் சொன்னேன். அவன் பேசிய அந்தப் பட்டன் போன் சித்திரையில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டது. அதன் பிறகு மூத்தவனும் நடுவுளவனும் ஆளுக்கொரு புதுப் போன் வாங்கித் தந்தார்கள். அவரவர் வாங்கியது அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். ஒருத்தி வீட்டுப் பொருள் இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் மருமகள்களுக்குள் பேச்சு வரும். சிம்மை மட்டும் முந்தியில் முடிந்து எடுத்துப் போனேன். ஒரு தடவை பஸ்ஸில் முடிச்சு அவிழ்ந்து, நடத்துநரும் சேர்ந்து தேடினார். அதற்கப்புறம்தான் பேத்தி அதை இ-சிம் ஆக்கினாள். இனி கையில் தூக்க வேண்டாம் ஆயா, போனுக்குப் போன் நானே மாற்றி விடுகிறேன் என்றாள். முறை மாறும்போது கூட்டிப்போக வருகிறவன் தன் வீட்டுப் போனையும் கொண்டுவருவான், ஏரியூரிலிருந்து திரும்பும்போது பேத்தியும் அப்பனோடு வருவாள். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, இதிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பி, ஏதோ கட்டம் கட்டமான படத்தை அதில் காட்டுவாள். நான் ஏரியூர் போய்ச் சேரும்போது நம்பரும் என்னோடு இருக்கும்.

மார்கழி பிறந்த அன்று பேத்திக்குப் பரீட்சை. நடுவுளவன் வண்டியோடு வாசலில் நிற்கிறான். முறை முடிந்தால் என் தட்டு, போர்வை, மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு, படுத்த இடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். கிழவி விட்டுப்போன சாமான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. எல்லாம் எடுத்தாயிற்று. போனில் என் நம்பர் மட்டும் இருந்தது. அதையும் அழிக்கச் சொன்னேன்.

"பாப்பா வந்துரட்டுங்க அத்தை," என்றாள் மூத்த மருமகள்.

"எந்நம்பரு உன் வூட்ல எதுக்கு? அழிச்சு வுடு. அங்க போயி ஏத்திக்கறேன்."

அவள் தேடித் தேடி அழித்தாள். பழைய போனில் நம்பர் உயிரோடு இருந்தால்தான் அடுத்த போனுக்குப் போகும் என்பது பேத்தி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நடுவுளவனோடு தருமபுரிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் நன்றாகத்தான் பேசினாள். நம்பர் யார் பேரில் என்று பார்த்தாள்.

"உங்க மகன் பேருல இருக்குதுங்க பாட்டி. அவரே ஆதாரோட வந்தாத்தான் திரும்ப எடுக்க முடியும்."

பெற்ற தாய் நான் என்றேன். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். அவனைக் கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் அவன் நம்பர் இல்லை. அவனிடம் இருப்பது இந்த நம்பர் ஒன்றுதான்.

தை பிறந்து நல்லம்பள்ளிக்குத் திரும்பினேன். மாட்டுப் பொங்கல் அன்று எல்லோரும் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் நம்பர் இல்லாத போனை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய, பேத்தியை அவள் போனிலிருந்து என் நம்பரைப் போடச் சொன்னேன். அதற்குள் ரீசார்ஜும் முடிந்துபோயிருந்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் போனுக்குள் ஒரு பொம்பளை.

"யாரு போட்டாலும் இதேதான் சொல்லுமா பாப்பா?"

"ஆமா ஆயா. இதேதான்."

அடித்து நான் எடுக்காமல் இருந்தால், அம்மாவுக்கு இன்னும் வீம்பு தீரவில்லை என்று நினைத்துக்கொள்வான். நம்பரே இல்லை என்றால் என்ன நினைத்திருப்பான்? யாரிடம் கேட்டிருப்பான்?

இதை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"பாப்பா, எனக்கெதுக்குன்னு நாஞ் சொன்னத வுடாம எழுதினியா? மொதல்ல இருந்து படி, கேக்கறேன்."