தூணுக்குத் தூண் பங்கு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கும் உறவினர்களும் நண்பர்களும் நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அண்ணனைப் பற்றி எழுத நல்லதைத் தவிர என்னிடம் வேறில்லை. மற்றவர்களைப் பற்றி வரும்போது, தங்கைக்கு வாய் நீளம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பொன்னேரியில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது திருவள்ளூரில், கோயில் குளத்தருகே தாத்தா கட்டிய சத்திரத்தில். ஆறு தேக்குத் தூண்கள் தாங்கிய பெரிய கூடம் அது. அமாவாசைக்கு முதல் நாளே வந்துவிடும் வெளியூர்க்காரர்கள் அங்கே தங்கி, காலையில் குளத்தில் தங்கள் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். யாரிடமும் காசு வாங்கியதில்லை. இளவயதிலேயே மனைவியை இழந்து, பிள்ளையும் இல்லாத அண்ணனுக்கு அந்தக் கூடத்தைக் கூட்டித் தண்ணீர் நிரப்பி வைப்பதுதான் குடும்பம்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. பழைய தேக்கு கேட்டுக் கான்ட்ராக்டர்கள் ஊருக்குள் அலைந்தார்கள். அப்போதுதான் அவருக்குப் பின் பிறந்த நடு அண்ணனுக்கும் சின்ன அண்ணனுக்கும் பங்கு ஞாபகம் வந்தது. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும், படிக்கட்டும்.

"சத்திரத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எங்க பங்கப் பிரிச்சிக் குடு" என்று வந்து நின்றார்கள். தர்மத்துக்கு விட்டதைப் பிரிக்கக் கூடாது என்று அண்ணன் மன்றாடினார். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்களோ, இடம் பொதுவாக இருக்கட்டும், மரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு தூண் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைக்குத் தூண் எதற்கு என்று என்னை விட்டுவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை.

"தூணு உங்களுது, சரி. கூரை யாருதுடா?" என்று அண்ணன் கேட்டார்.

"அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்கும்" என்றார் சின்ன அண்ணன்.

நாலு தூண்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த மழையில் கூரை மொத்தமும் கீழே வந்தது. நடு அண்ணனின் பங்கு யாரோ ஓர் அதிகாரி வீட்டு வாசலுக்குப் போயிற்று. சின்ன அண்ணனின் பங்கு சாராயக் கடைக் கொட்டகைக்குக் காலாயிற்று. அண்ணன் மட்டும் தன் இரண்டு தூண்களைத் தொடவில்லை. வெட்டவெளியில் அவை எதையும் தாங்காமல் நின்றன.

அதன் பிறகு மணவாள நகரில் சின்ன வாடகை வீடு பிடித்து, அமாவாசைக்கு வருகிறவர்களை அங்கே தங்க வைத்தார். கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதும், "அமாவாசை வருதே, பாய் போதுமான்னு பாரும்மா" என்றுதான் என்னிடம் சொன்னார்.

மருந்து தந்த டாக்டருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. இந்தத் தை அமாவாசைக்கு, விஷயம் தெரியாமல் ஆந்திராவின் நகரியிலிருந்து ஒரு குடும்பம் மணவாள நகர் வீட்டுக்கு வந்தது. "நைனா எங்கம்மா?" என்று அண்ணனைத் தேடினார்கள். போய்ட்டாரு என்றேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அண்ணனின் பெயரைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விட்ட பிறகு, அண்ணன் பெயரைச் சொல்லி அவருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டார். நான் குளத்துப் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடப் பிறந்தவர்கள் இருவரும் அந்நேரம் இடிந்த சத்திரத்தில், அண்ணனின் இரண்டு தூண்களுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.