கீழூர்க்காரன் குடிக்கும் பாவம்

பாபநாசம் படித்துறையில் இடுப்பளவு நீரில் நின்றால் முதலில் காலைத் தொடுவது மணலுமன்று, மீனுமன்று. வழுவழுவென்று கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும், யாரோ கழற்றிவிட்ட வேட்டி. முழுகியபின் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் "பீடை" தொலையும் என்பது வழக்கம். தாயென்று கும்பிட்டுவிட்டு, அந்தத் தாயின் கழுத்திலேயே தன் அழுக்கைச் சுற்றிவிடும் இப்பக்திக்கு ஈடானதொன்றை நான் கண்டதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். தாத்தா இறந்தபின் வந்த ஆடி அமாவாசைக்கு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து நாங்களும், ஆழ்வார்குறிச்சியிலிருந்து அப்பாவின் அக்காள் குடும்பமும் ஆற்றுக்குப் போயிருந்தோம். எல்லாரும் துணியை விட்டுக் கரையேற, நூல் ஆலையில் வேலைபார்த்த என் அம்மா மட்டும் ஈரப்புடவையைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, பாவத்தையா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறே?" என்று அத்தை மறித்தாள். கஞ்சிபோட்டு மறுபடி உடுத்துவாள் போலிருக்கிறது என்று மாமா சிரிப்பு மூட்டினார்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "நம்ம பாவத்தைக் கீழூர்க்காரன் ஏன் குடிக்கணும் மதினி? எம்பாவத்தை நானே வச்சுக்கிடுதேன்."

பின்னாளில் பட்டிமன்ற மேடைகளில் நடுவர் மணியடிக்கும்வரை நான் முழங்கியவை யாவும் அந்த ஒரு வாக்கியத்தின் கால்தூசு பெறா.

அந்த ஐப்பசியில் என் தம்பிக்கு வலிப்பு வந்தது. "வாளியில வந்த பீடை" என்று அத்தை உறவெங்கும் சொன்னாள், அப்பா மறுக்கவில்லை. திருநெல்வேலி மருத்துவர் கொடுத்த மாத்திரைகளில் வலிப்பு "பைய" அடங்கிக்கொண்டிருந்தபோதே மறு ஆடி வந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்து முழுகினாள்; மாற்றுப்புடவை உடுத்தினாள்; நனைந்ததை ஆற்றில் விட்டாள். அத்தையே கைபிடித்துப் படியேற்றினாள். மாத்திரை செய்த வேலைக்கான பெயரை ஆறு வாங்கிக்கொண்டது.

இன்று தம்பி கல்லூரிக்குப் போகிறான். கூழாங்கல் தெரிந்த ஆற்றடியில் துணிப்பொதி கிடக்கிறது. அவ்வப்போது வாரி லாரியில் ஏற்றினாலும் அடுத்த அமாவாசைக்குள் நிறைந்துவிடுகிறது. இயற்கையைக் காப்பது மனிதகுலத்தின் அறம் என்று நான் பேசினால் அரங்கம் கைதட்டுகிறது. தட்டும் கைகளில் பல, ஆடியில் எதைக் கைவிடும் என்பதை நான் அறிவேன்.

சென்ற ஆடி அமாவாசைக்கு முதல்நாள், ஆற்றில் விடவென்று அம்மா பையில் பழைய புடவையொன்றை மடித்து வைத்தாள். தம்பி குணமாகிப் பல காலமாயிற்றே, இனியும் எதற்கு என்று கேட்டேன். அன்று அத்தையின் முன் நிமிர்ந்து நின்றவளை அந்த முகத்தில் தேடினேன்; காணவில்லை.

"நல்லாருக்கான்லா," என்றாள், தலை தூக்காமல். "அப்படியே இருக்கட்டும்."