டேங்கில் ஊறப்போட்ட மருந்து

போன மாதம் ஒருநாள் எங்கள் வீட்டுக் கார் ஹைவேயில் திணறியது. ஓட்டியது நான் இல்லை - என் மகள் சுகன்யா.

மாதனூர் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் எடுக்க ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறாள். வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி, யோசித்து, அப்புறம்தான் நகர்ந்திருக்கிறது. பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தபடி... இதைச் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“நாளையிலேர்ந்து கம்பெனி பஸ்லயே போம்மா.”

பள்ளிகொண்டா பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். பஸ் எங்கள் தெருமுனைக்கே வருகிறது. ஆனால் தானே ஸ்டியரிங் பிடித்துப் போய் இறங்குவதில் அவளுக்கு ஒரு ருசி வந்துவிட்டதே!

“சரி பண்ணிப் பாக்கலாம்ப்பா. அப்பவும் திணறுச்சுன்னா நானே சாவியைக் குடுத்துடறேன்.”

ஒப்பந்தம் முடிந்தது.

மெக்கானிக், ‘பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். டேங்கில் ஊற்றுகிற கிளீனர் ஒன்று போட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் வண்டியைக் கொண்டு வாருங்கள்’ என்று போனிலேயே சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும் முதலில் ஓடி வந்தவர் பஷீர் பாய். தோல் பதனிடும் ஷாப்பில் நான் ஃபினிஷிங் பிரிவில் இருந்தபோது அவர் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம்மை ஓட்டினார். அன்றிலிருந்து தோஸ்த். கையில் ஒரு கேன் தின்னர்!

ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த அழுக்குக்கும் தோல் ஷாப்பில் ஒரு கெமிக்கல் உண்டு என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஃபேன் இறக்கை, சைக்கிள் செயின், சட்டையில் பட்ட பெயின்ட் - எல்லாவற்றுக்கும் தின்னர்தான்.

“ஒரு டம்ளர் ஊத்து தோஸ்த். உள்ள இருக்கிறதெல்லாம் கழண்டு வந்துடும்.”

“கழண்டு வரக்கூடாததும் வந்துடுமே பாய்! ரப்பர் சீல் இருக்கு, பம்ப் இருக்கு...”

“நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளிதான்யா.”

இருக்கட்டுமே. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். அலமாரி நிறைய பாட்டில்கள். நான் எட்டாவதோடு நின்றவன். அதனாலேயே லேபிளை நின்று நிதானமாகப் படிப்பேன். பெட்ரோல் வண்டிக்கா, டீசலுக்கா? பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி டப்பா - மாற்றி எடுத்தால் கதை கந்தல். இன்ஜெக்டர் உள்ள வண்டிக்கு ஏற்றதா? ஒரு பாட்டில் எத்தனை லிட்டர் பெட்ரோலுக்கு? இருக்கிற அழுக்கு போதாதென்று ரெண்டு கம்பெனி மருந்தைக் கலக்கலாமா?

“கலக்காதீங்க” என்றார் கடைக்காரர். “சார், மருந்துக் கடையில கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்க.”

வீட்டுக்கு வந்து, டீ சொல்ல உள்ளே போனேன். அவ்வளவுதான். திரும்பி வந்தால் பஷீர் பாய் டேங்க் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருக்கிறார். பாட்டில் காலி.

“முழுசா ஊத்திட்டேன். காலைல வரைக்கும் ஊறட்டும்.”

டேங்கில் பெட்ரோல் கடைசிக் கோட்டில்! தோலை ஊறப்போடுவார்கள். அழுக்கு ஜாஸ்தி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஊறப்போடுவார்கள். வாழ்நாளெல்லாம் அதைச் செய்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் இந்த மருந்து ஊறி வேலை செய்வதில்லை. நிறைய பெட்ரோலில் கரைந்து, வண்டி ஓட ஓடத்தான் அழுக்கை எடுக்கும். கொஞ்சூண்டு பெட்ரோலில் மொத்த பாட்டிலும் என்றால்... காரம் ஜாஸ்தி.

சுகன்யா லேபிளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “மாமா, இது டேங்க். ஆட்டுத் தோல் இல்ல.”

“இன்னா பண்றது இப்போ?” பாய் முகம் சின்னதாகிவிட்டது.

“ஃபுல் டேங்க் அடிச்சா கணக்கு சரியாப் போய்டும். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்” என்றேன்.

பங்க் எங்கள் தெரு திரும்பினால் வந்துவிடும். தள்ளினோம்! சுகன்யா ஸ்டியரிங்கில். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் கல் மாதிரி இருக்கும், மெதுவாகத் தள்ளுங்கள் என்று அவள்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தாள்.

கை வைத்துக் குனிந்ததும் பஷீர் பாய், “ஜோர்... ஜோர்...” என்றார்.

எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! வெள்ளிக்கிழமை ஷாப் லீவு. தொழுகை முடிந்ததும் முதலாளியின் காரை டிரைவர் பிரிப்பார். கோணி மேல் கார்புரேட்டர். பெட்ரோலில் கழுவி, சின்ன ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். மாட்டி முடித்ததும் வண்டி கிளம்பாது. தள்ள வேண்டும். வெள்ளைச் சட்டை முதலாளியும் இறங்கி எங்களோடு தள்ளுவார். ‘ஜோர்’ என்று, பலமாகத் தள்ளச் சொல்லி, பாய்தான் குரல் கொடுப்பார். அந்த ஒரு மணி நேரம் அங்கே முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை. வியர்வையும் பெட்ரோல் வாசனையும்தான். அந்த ஷாப் இப்போது பூட்டிக் கிடக்கிறது. கழுவி ஊதி மாட்டுகிற கார்களும் இல்லை.

“மூச்சு வாங்குதா தோஸ்த்?”

“உனக்கு?”

“எனக்கு அப்பவே வாங்குச்சு. சொல்லல.”

டேங்கை நிரப்பினோம். வாணியம்பாடி வரை போய் வந்தோம். திரும்பும்போது லேசாகக் குலுக்கியது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் சுகன்யா சாவியை டேபிளில் வைத்தாள். சொன்ன சொல்!

பாட்டில் வாங்கிய நமக்கு ஒரு நப்பாசை இருக்கிறது பாருங்கள் - எல்லா வியாதிக்கும் இதுவே மருந்து என்று. மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீட்டினார்.

“கிளீனர் அழுக்கைத்தான் எடுக்கும் சார். தேஞ்சுபோன பிளக்கைப் புதுசாக்காது. அடிக்கடி ஊத்திக்கினு இருக்காதீங்க.”

பிளக் மாற்றியாயிற்று. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். திணறல் இல்லை. சாவியைக் கொடுக்காமலிருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க ஆசைதான், ஒன்றும் கிடைக்கவில்லை. சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது சுகன்யா காரில்தான் போகிறாள். கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று, ஹாரன் அடித்து, யாரும் ஏறாமல் போகிறது. இனி நிற்க வேண்டாம் என்று அந்த டிரைவரிடம் சொல்லத்தான் எனக்கு இன்னும் மனசு வரவில்லை.