இணைப்பு: ஆதார் நகல்

சமூக ஊடகப் புகாருக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒப்புகை, பதினைந்து நாளில் தீர்வு என்பது விதி. அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பார்த்து ஓய்வுபெற்ற பின்னும் விதிகளைப் படிப்பவன் நான்.

என் தங்கை மகள் திருநங்கை. திருத்தங்கல் அச்சகமொன்றில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வெட்டுகிறாள். தன்னைப் போன்றவர்களோடு அவள் மனம்விட்டுப் பேசியது ஒரு சமூக ஊடகக் கணக்கில்தான். அது போலிக் கணக்கு என்று சொந்தக்காரர்கள் கூடிப் புகார் செய்து முடக்கினார்கள்.

கணக்கைத் திரும்பக் கேட்டு அந்த ஊடக நிறுவனத்துக்கு நான் மனு எழுதி, அவளுடைய ஆதார் நகலை இணைத்தேன்.

"அதுல பழைய பேருல்ல இருக்கு, மாமா?"

"அடையாளச் சான்று இல்லாத மனுவ எவன் தாயி பாப்பான்? நாப்பது வருசம் இதத்தான பாத்தேன்."

"அப்பச் சரி, அனுப்புங்க."

பதினைந்து நாள் போனது. நினைவூட்டல்கள் அனுப்பினேன், ஒவ்வொன்றோடும் அதே நகலை வைத்து.

கணக்கு ஒருவழியாகத் திரும்பியது. ஆவணப்படி பெயரையும் திருத்திவிட்டதாக நிறுவனம் எழுதியிருந்தது. அவளோடு பேசிய அத்தனை பேர் முன்பும் அவள் விட்டுவந்த ஆண் பெயர் நின்றது. அதன் கீழே அவளுடைய பெரியப்பா மகன், "என்னலே, ஒளுங்கான பேருக்கு வந்துட்டியா?" என்று எழுதியிருந்தான்.

அவள் அதைப் படித்தாள். கணக்கைத் தானே அழித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆடியில் போட்ட மனுவுக்கு, பெயரைத் திருத்திய அந்தப் பதில் வந்ததே தீபாவளி கழிந்த மூன்றாம் நாள்தான்.